கால நீடிப்பு கிடைத்தது, நேரம்தான் கிடைக்கவில்லை

கொவிட் காலத்தில் கொழும்புப் பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானம் படிப்பித்த பெண்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பேச்செடுத்தால், "எல்லாருக்கும் கஷ்டம்தானே" என்று ஒரு பதில் வரும். உண்மைதான். ஆனால் இரண்டு வருடம் கழித்துப் பதவி உறுதிப்படுத்தலுக்கும் பதவி உயர்வுக்கும் கோப்புகளைத் திறந்தபோது, யாருடைய கோப்பில் கட்டுரைகள் இருந்தன, யாருடையதில் வெற்றிடம் இருந்தது என்று பார்த்தால், அந்த "எல்லாருக்கும்" அவ்வளவு சரியாக வராது. என்னைவிட இளைய இரண்டு மூன்று பேர் அண்மையில் இதைப்பற்றிக் கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நான் நன்னீர்ச் சூழலியல் படிப்பிப்பவள். கொழும்பு நகருக்குள் இருக்கும் பேர வாவியில் பூக்கும் நீலப்பச்சைப் பாசிதான் என் ஆய்வு. கரையில் உள்ள கங்காராமை விகாரைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சில நாட்களில் வாவித் தண்ணீர் பச்சைப் பெயின்ற் கரைத்து ஊற்றியதுபோல இருக்கும். அந்தப் பச்சையில் பெரும்பங்கு மைக்ரோசிஸ்ரிஸ் என்ற நுண்ணுயிருடையது. அதன் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை விடும். எப்போது விடும், எதனால் விடும் என்று அறிய, மாதாமாதம் ஒரே இடங்களில், ஒரே நேரத்தில் தண்ணீர் அள்ள வேண்டும். அத்தோடு வாவியிலிருந்து பிரித்தெடுத்த வகைகளைக் குடுவைகளில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை புது வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றாவிட்டால் அவை பசி கிடந்து செத்துவிடும்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கொழும்பில் அது மே 26 வரை நீண்டது. மிருகங்கள் உள்ள கூடமும் ஆழ்குளிர்ப் பெட்டிகளும் அவசியம் என்று பீடத்தில் முடிவெடுத்து, உள்ளே போகக்கூடியவர்களின் பட்டியல் ஒன்று போட்டார்கள். பாசி அதில் சேரவில்லை. பட்டியலுக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது: சொந்த வாகனம் வேண்டும், கூப்பிட்டால் எந்த நேரமும் வரவேண்டும். பெண்கள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை, அந்த நிபந்தனையே வேலையை முடித்துவிட்டது. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு "எந்த நேரமும் வருவேன்" என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவருக்கும் அதே வயதில் பிள்ளை உண்டு. அவர் போட்டார்.

ஏப்ரலில் ஒரு நாள் எங்கள் ஆய்வுகூட உதவியாளர் ஃபோன் எடுத்தார். பக்கத்திலேயே இருப்பவர், அனுமதி வாங்கிக்கொண்டு ஒருமுறை உள்ளே போயிருக்கிறார். "மிஸ், லைட் எல்லாம் ஓஃப். போத்தல் எல்லாம் மஞ்சள் மிஸ். சிலது வெள்ளை." தீப்பிடிக்கும் என்ற பயத்தில் அந்த மாடியின் பிரதான சுவிட்சை யாரோ அணைத்திருந்தார்கள். ஒளியும் இல்லை, ஊடகமும் பழசு. வட்சப்பில் படம் அனுப்பினார். பச்சையாக இருக்கவேண்டிய குடுவைகளின் அடியில் வெளிறிய படிவு மட்டும் தெரிந்தது. ஊரடங்கு தளர்ந்து உள்ளே போனபோது, பல வருடமாகப் பேணிய வகைகளில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சியிருந்தது.

அதைவிட எனக்கு வலித்தது வாவி. நடமாட்டம் இல்லாத, கடைகள் பூட்டிக் கிடந்த, வாகனம் ஓடாத அந்த வாரங்களில் நகரத்துக் கழிவு எவ்வளவு குறைந்தது, பாசி அதற்கு என்ன செய்தது என்பதெல்லாம் ஒரு சூழலியலாளருக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற பரிசோதனை. நான் வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் இருந்தேன். வாவி ஐந்தாறு கிலோமீற்றரில் இருந்தது.

அந்த இடைவெளியில் பாதியைச் செய்மதிப் படங்களால் நிரப்பினேன். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்ரினல்-2 படங்கள் இலவசம், ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு படம் கிடைக்கும். பச்சையத்தை மதிப்பிட 665, 705 நனோமீற்றர் அலைநீளப் பட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. இரண்டாவது பட்டையின் ஒரு புள்ளி 20 மீற்றர் அகலம், ஆகவே கரையோரத்தில் தண்ணீரும் நடைபாதையும் கலந்துவிடும். மே மாதம் மழைமுகில் வேறு. எந்த வகைப் பாசி, நஞ்சு உண்டா என்பதெல்லாம் வானத்திலிருந்து தெரியாது. ஆனாலும் ஒரு வரைபடம் வந்தது, ஒரு கட்டுரைக்குப் போதுமாக இருந்தது. களத்துக்குப் போகமுடியாமல் முடங்கியிருப்பவர்களுக்கு, கர்ப்ப காலமோ பிள்ளைப்பேற்று விடுமுறையோ எதுவானாலும், நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் துறையில் ஏற்கனவே சேர்ந்து கிடக்கும் திறந்த தரவு என்ன என்று இப்போதே தேடி வையுங்கள். தேவை வந்த பிறகு தேடினால் படிக்கவே மாதக்கணக்கு எடுக்கும்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. அம்மா மகா சிவராத்திரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், மாவட்டம் விட்டு மாவட்டம் போகமுடியாமல் எங்களோடேயே நின்றுவிட்டார். அவருக்கு ஓர் அறை. மற்ற அறையில் என் கணவரின் அலுவலகம், ஏனென்றால் அவர் கணினி நிறுவனத்தில் வேலை, வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசவேண்டும், சத்தம் கேட்கக்கூடாது. எனக்குச் சாப்பாட்டு மேசை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை, முதல் நாளே அப்படி அமைந்துவிட்டது. நான் சூமில் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது சின்னவன் அழுதால் அம்மா மெதுவாக வந்து சொல்வார்:

"பிள்ளை, அவர் மீற்றிங்கில இருக்கிறார். நீ இவனை ஒருக்காப் பார்."

"நானும் மீற்றிங்கிலதான் அம்மா இருக்கிறன்."

"உன்ரை படிப்பிக்கிறதுதானே. அந்தப் பிள்ளையள் பொறுப்பினம்."

அம்மா முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவர். அவரே இப்படிச் சொன்னால் மற்றவர்களை என்ன சொல்வது?

மகளுக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. பாடசாலை மார்ச் நடுப்பகுதியிலேயே மூடிவிட்டது. பாடங்கள் வட்சப்பில் வந்தன, அதுவும் என் ஃபோனுக்கு. வகுப்புக் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் அம்மாமார்தான். ரீச்சர் காலையில் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புவார், பிள்ளை செய்ததை மாலைக்குள் படம் பிடித்து அனுப்பவேண்டும். நேத்ரா தொலைக்காட்சியில் குருகெதர பாட நிகழ்ச்சியைப் போட்டுவிட்டால் கொஞ்ச நேரம் தப்பலாம். வீட்டு வேலைக்கு வந்த அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து வரமுடியவில்லை. அடையாள அட்டையின் கடைசி இலக்கப்படிதான் வெளியே போகலாம் என்று வந்தபோது, என் இலக்கம் சரியாக விரிவுரை நாளில் விழும். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடந்ததுதான், நீட்டத் தேவையில்லை.

நேரம் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, கிடைத்த நேரம் எப்படி நொறுங்கிக் கிடந்தது என்பதுதான் பெரிய விசயம். இருபது நிமிடம், பத்து நிமிடம், பிறகு ஒரு அரை மணி. நாள் முடிவில் கூட்டிப் பார்த்தால் நாலு மணித்தியாலம் வரும். ஆனால் அந்த நாலு மணித்தியாலத்தில் ஒரு புள்ளிவிபர மாதிரியைக் கட்டமுடியாது. கட்டத் தொடங்கும்போது யாருக்காவது பசிக்கும்.

முதலில் நான் கணவரிடம் உதவி கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், கேட்டால் செய்வார். தேத்தண்ணி போடுவார், பாத்திரம் கழுவுவார், பிள்ளையைப் பத்து நிமிடம் தூக்கி வைத்திருப்பார். என் வேலை மட்டும் நகரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையைக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, விடிய ஐஞ்சிலயிருந்து எட்டரை மட்டும் எனக்கு இந்த அறை வேணும். கதவு பூட்டியிருக்கும்."

"அந்த நேரம் இவன் எழும்பினா?"

"எழும்பினா நீங்கள் பாருங்கோ. அம்மாவும் தட்டக்கூடாது."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கிழமை முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே சின்னவனைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எழுதுறா, சத்தம் போடாதை" என்று சொல்லத் தொடங்கினார். அந்த மூன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு விதி வைத்தேன்: மின்னஞ்சல் இல்லை, வட்சப் இல்லை, விரிவுரைத் தயாரிப்பும் இல்லை. எழுதுவதும் கணிப்பதும் மட்டும். தரவைச் சுத்தம் செய்வது, நுண்காட்டிப் படங்களில் கலங்களை எண்ணுவது, படங்களுக்கு விளக்கம் எழுதுவது எல்லாம் பகலின் துண்டு நேரங்களுக்கு. எந்த வேலை துண்டு நேரத்தில் நடக்கும், எது நடக்காது என்று முதலே பிரித்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால், இருபது நிமிடம் கிடைக்கும்போது என்ன செய்வது என்று யோசிப்பதிலேயே பத்து நிமிடம் போகாது.

உலகம் முழுக்க இதே கதைதான் என்று பிறகு வாசித்து அறிந்தேன். 2020 ஏப்ரலில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏறக்குறைய 4,500 ஆய்வாளர்களிடம் கேட்ட ஓர் ஆய்வு உண்டு. மற்றவை சமமாக இருந்தாலும் பெண்களின் ஆய்வு நேரம் ஆண்களுடையதைவிட 5 சதவீதம் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளை இருந்தால் 17 சதவீதம் கூடுதலாக. அதுவும் தொடக்க வாரங்களின் கணக்குத்தான். இங்கே மேல் மாகாணத்துப் பாடசாலைகள் மற்ற மாகாணங்களைவிடப் பிந்தித் திறந்து, 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி மூடின.

இனி நீடிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். தகுதிகாண் காலத்தில் இருந்தவர்களுக்கு எங்களிடத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு கால நீடிப்புக் கொடுத்தார்கள். ஆண், பெண் பேதம் இல்லை, நியாயம்தானே என்று எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. பெருந்தொற்றுக்கு முன்பே, 2018இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. அங்கே முன்னணிப் பொருளியல் துறைகளில், பிள்ளை பிறந்தால் தாய், தந்தை இருவருக்கும் நிரந்தரமாக்கலுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கொடுக்கும் நடைமுறை உண்டு. விளைவு என்ன தெரியுமா? முதல் வேலையிடத்திலேயே நிரந்தரமாகும் வாய்ப்பு ஆண்களுக்கு நன்றாகக் கூடியது, பெண்களுக்கு நன்றாகக் குறைந்தது. கூடுதல் வருடத்தில் ஆண்கள் கட்டுரை எழுதினார்கள். பெண்கள் பிள்ளை வளர்த்தார்கள். பிறகு இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்தார்கள்.

ஆய்வு நிதிக்கும் இதே நீடிப்புத்தான், பணம் இல்லாமல். காலத்தை நீட்டினார்கள். ஆனால் ஆய்வு உதவியாளரின் சம்பளம் பழைய திகதியோடு முடிந்துவிட்டது. என்னோடு வேலை செய்த பெண் வேறு வேலை தேடிப் போனாள். மாதிரி எடுக்கத் தெரிந்த ஆள் போய்விட்டால், கையில் இருக்கும் ஒரு வருடம் வெறும் கலண்டர்தான். நிதி கொடுக்கும் இடத்தில் நீடிப்புக் கேட்கும் கடிதத்தில் காலத்தை மட்டும் கேட்காமல், மிச்சமிருக்கும் இரசாயனப் பொருள் செலவைச் சம்பளத்துக்கு மாற்ற அனுமதி தாருங்கள் என்று சேர்த்துக் கேளுங்கள். இப்படிச் செலவுத் தலைப்பு மாற்றம் கேட்டால் சில வேளை கிடைக்கும். கேட்காமல் கிடைத்ததாக நான் கண்டதில்லை.

இன்னொரு சுமை, எந்தப் படிவத்திலும் வராதது. மாணவர்களின் ஃபோன். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் இணைய வலையமைப்பு வழியாகச் சூம் விரிவுரைகளுக்கு டேட்டாச் செலவு இல்லாமல் செய்தது பெரிய காரியம், மறுக்கமாட்டேன். ஆனால் சிக்னலே இல்லாத இடத்தில் இலவசம் என்ன, காசு என்ன? தோட்டப்பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த பிள்ளைகள் மலையேறி, மரமேறிப் பாடம் கேட்டார்கள். வீட்டில் ஒரே ஒரு ஃபோன், அதை அண்ணா வேலைக்குக் கொண்டுபோய்விட்டார், அப்பாவுக்குக் கூலி இல்லை, படிப்பை விடப்போகிறேன் மிஸ் என்று இரவு பத்து மணிக்கு அழைப்பு வரும். எங்கள் பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில், அழுவது தாய்மொழியில்தானே. துறையில் தமிழ் பேசும் பெண் விரிவுரையாளர் என்றால் எல்லா அழைப்பும் உங்களுக்குத்தான். அதை நான் தட்டிக் கழிக்கவில்லை, இனியும் கழிக்கமாட்டேன். ஆனால் துறைக்கூட்டத்தில் அதை மாணவர் வழிகாட்டல் வேலையாகப் பதிவு செய்யக் கேட்டேன். வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று கணக்கோடு கேட்டதால் மறுக்க முடியவில்லை. பதிலாக ஒரு பரீட்சைக் குழுப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது.

அந்த நாட்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலிகா மலவிகே வைரஸ் திரிபுகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். மரபணு வரிசைப்படுத்தலில் அவருடைய குழுவின் வேலை நாட்டுக்கே தெரிந்தது. பெருமையாக இருந்தது. "பார், அவ எப்படி வேலை செய்யிறா" என்று அம்மா சொன்னபோது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, ஒளிப்பானேன்.

கூட்டு ஆய்வுகளில் என் அனுபவம் கசப்பானது. வெளிநாட்டுக் குழு ஒன்றோடு சேர்ந்து செய்த வேலையில் முதல் ஆசிரியர் நான்தான் என்பது பேச்சளவில் இருந்தது. என் பகுதி பிந்தியபோது அவர்கள் காத்திருக்கவில்லை. கட்டுரை வந்தபோது என் பெயர் நடுவில் எங்கோ இருந்தது. சண்டை போட என்னிடம் ஒரு வரி எழுத்தும் இல்லை. இப்போது எந்தக் கூட்டு வேலை தொடங்கினாலும் பெயர் வரிசை, பிந்தினால் எத்தனை மாதம் பொறுப்பது, அதற்குப் பிறகு என்ன என்பதை ஒரு சின்ன மின்னஞ்சலில் போட்டு, "சரி" என்று பதில் வாங்கிவிட்டுத்தான் மாதிரியைத் தொடுகிறேன். சிலர் இதை நம்பிக்கையீனம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

என்னைக் காப்பாற்றியது ஒரு பழைய சீ.ஆர். கொப்பி. குடுவைகள் செத்த அன்றே அதில் எழுதத் தொடங்கினேன். திகதி, எது நின்றது, ஏன் நின்றது, யாருக்கு அறிவித்தேன். அந்த நான்காவதுதான் முக்கியம். ஒவ்வொரு இழப்பையும் அந்தக் கிழமைக்குள்ளேயே துறைத்தலைவருக்கு இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பினேன். பதில் வந்ததா இல்லையா என்பது வேறு விசயம். பின்னர் கோப்புக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதியபோது, "கொவிட் காலத்தில் மிகுந்த சிரமங்களுக்கு உள்ளானேன்" என்று எழுதத் தேவைப்படவில்லை. "2020 மார்ச் தொடக்கம் வாவிக்குப் போக அனுமதி இருக்கவில்லை. ஏப்ரலில் மின் துண்டிப்பால் வளர்ப்புகள் அழிந்தன, அதே கிழமையில் அறிவித்த மின்னஞ்சல் இணைப்பில். அவற்றை மீண்டும் பிரித்தெடுக்க 2021 முடியும் வரை எடுத்தது. ஆகவே இக்காலத்துக் கட்டுரைகள் செய்மதித் தரவை அடிப்படையாகக் கொண்டவை." இவ்வளவுதான். பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வேண்டுமென்றே விட்டேன். இது சரியா என்று எனக்குள்ளேயே ஒரு வாதம் உண்டு, ஏனென்றால் சொல்லாமல் விட்டால் அந்தச் சுமை காகிதத்தில் எப்போதும் வராது. ஆனால் அன்று நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பிள்ளை என்றவுடன் முகத்தில் இரக்கம் வந்திருக்கும், புள்ளி வந்திருக்காது.

நேர்முகத்தில் ஒருவர் கேட்டார், 2020இல் களத்தரவு ஏன் இல்லை என்று. பக்கத்தைக் காட்டினேன். அடுத்த கேள்விக்குப் போனார்.

கொவிட் ஓய்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் 2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு, பிறகு பெற்றோல் வரிசை, டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதில் இரசாயனங்களின் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. இந்தமுறை குடுவைகள் சாகவில்லை. ஒவ்வொரு வகையையும் ஏகார் என்ற கூழ் ஊடகம் சாய்வாக உறைந்த குழாய்களிலும் வைத்திருந்தோம். மங்கலான ஒளியில், கொஞ்சம் குளிரான இடத்தில் அவை மாதக்கணக்கில் தாங்கும். ஒரு தொகுதி எங்களிடம், இன்னொன்று வேறு ஊரில் உள்ள சிநேகிதியின் ஆய்வுகூடத்தில். அவளுடையது என்னிடம் இருக்கிறது.

இப்போது என்னிடம் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்திருக்கும் பெண்ணுக்கு வருகிற மாசியில் குழந்தை கிடைக்க இருக்கிறது. போன கிழமை இரண்டு பேரும் இருந்து அடுத்த வருட மாதிரி அட்டவணையைப் போட்டோம். அவள் விடுமுறையில் நிற்கும் மாதங்களுக்குத் தண்ணீர் அள்ள இரண்டு பேரைப் பழக்குகிறோம், ஒருவர் போதாது. யார் பெயர் எங்கே வரும் என்ற மின்னஞ்சல் போய்விட்டது. அவளுடைய மாமி பிள்ளையைப் பார்க்க வருவார் என்றாள். "கதவு உள்ள அறை யாருக்கு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கணவரிடம் கதைக்கிறேன் மிஸ் என்றாள்.